தெரிகிறதா, விளங்குகிறதா, பிடிபடுகிறதா?

வேலூர் சத்துவாச்சாரியில், கோர்ட்டுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். என்னிடம் தொழில் பழகும் தம்பி போன மாதம் ஒரு புகார் மனுவைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தான். அதில் ‘நான்-காக்னிசபிள்’ என்று வந்த இடத்தில் ‘அறிய முடியாத குற்றம்’ என்று போட்டிருந்தான்.

“காக்னிஷன்னா அறிவுதானேண்ணா?” என்றான்.

வேர் சரிதான். அறிதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்துதான் இரண்டும் வந்தன. ஆனால் சட்டத்தில் காக்னிசபிள் என்பது, போலீஸ் தானாகவே வழக்குப் பதிந்து, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம். கொலை அப்படிப்பட்டது. அவதூறு அப்படியல்ல, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்த பிறகும் இந்தப் பிரிவினை அப்படியே நீடிக்கிறது. ‘அறிய முடியாத குற்றம்’ என்று எழுதினால், குற்றம் நடந்ததே யாருக்கும் தெரியாது என்றாகிவிடும். புகார் கொடுத்தவர் கதி என்ன?

அகராதியைப் பிரித்தால், அறிதல், புரிதல் பற்றிய இந்த இனத்து ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றுக்கும் ‘புரியக்கூடிய’, ‘அறியக்கூடிய’ என்றே மாற்றி மாற்றிப் போட்டிருக்கும். பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். ஆனால் தமிழிலேயே நமக்குத் தெரிகிறது, விளங்குகிறது, பிடிபடுகிறது என்று வேறு வேறு வினைகள் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த வினைகளை வைத்துப் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

முதலில் லெஜிபிள், இன்டெலிஜிபிள். அம்மாவுக்கு வந்த ஒரு மருந்துச் சீட்டை மறக்க மாட்டேன். மாத்திரைப் பெயர் வெறும் கோடாக ஓடியிருந்தது. முதல் எழுத்து ‘சி’யா ‘ஜி’யா என்று மெடிக்கல் ஷாப் பையனுக்கே தெரியவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, டாக்டரையே கேட்டு வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அது லெஜிபிள் இல்லை. கண்ணுக்கே எழுத்து தெரியவில்லை. அதன் பக்கத்தில் ‘பி.டி.’ என்று பளிச்சென்று எழுதியிருந்தது. அது லெஜிபிள்தான். ஆனால் அம்மாவுக்கு அது விளங்கவில்லை. அவருக்கு அது இன்டெலிஜிபிள் இல்லை. நாளுக்கு இரண்டு வேளை என்பதன் லத்தீன் சுருக்கம் அது. ‘காலை, இரவு’ என்று தமிழில் இரண்டு சொல் எழுத எவ்வளவு நேரமாகும்? மருந்து விஷயத்தில் எழுத்தும் தெரிய வேண்டும், பொருளும் விளங்க வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போனில் சரியாகக் கேட்காத பேச்சுக்கும் இன்டெலிஜிபிள்தான் வரும், எதிர்மறையாக. லெஜிபிளைப் பேச்சுக்குப் போட முடியாது.

அடுத்து காம்ப்ரிஹென்சிபிள். இதன் லத்தீன் வேரில் ‘பிடித்தல்’ என்ற பொருள் இருக்கிறது. நம்முடைய ‘பிடிபடுதல்’ இதற்கு அச்சாகப் பொருந்துகிறது! கடன் பத்திரத்தைப் படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியமும் விளங்கும். முடித்துவிட்டு, மொத்தத்தில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டால் பிடிபடாது. அப்போது வாக்கியம் இன்டெலிஜிபிள், பத்திரம் காம்ப்ரிஹென்சிபிள் இல்லை. ஆங்கிலேயரே பல இடங்களில் இரண்டையும் கலந்துதான் எழுதுகிறார்கள். ஆனாலும் மொழிபெயர்ப்பில் இந்தப் பிரிவினையைக் காப்பாற்றுவது நல்லது என்பது என் கட்சி.

அண்டர்ஸ்டாண்டபிள்தான் ஆளை ஏமாற்றும் சொல். ‘புரியக்கூடிய’ என்பது அதன் ஒரு பாதி. மறுபாதி, ‘அவன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்’ என்பது. இதற்கு நம் வேலூர்க் கோட்டையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. நெற்றிக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்றெல்லாம் சிப்பாய்களுக்குக் கட்டளை வந்தது. 1806 ஜூலை 10 விடியும் முன் அவர்கள் கோட்டைக்குள் எழுந்தார்கள். அந்தக் கோபத்தை காம்ப்ரிஹென்சிபிள் என்று எழுதினால், காரணம் பிடிபடுகிறது என்பதோடு நின்றுவிடும். அண்டர்ஸ்டாண்டபிள் என்றால், கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது என்பதும் சேர்ந்து வரும்.

அப்புறம், நோவபிள். தகவலாகத் தெரிந்துகொள்ளக் கூடியது எதுவோ, அது. கட்டளையில் என்ன இருந்தது, கிளர்ச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்தவர் கில்லெஸ்பி என்பதெல்லாம் நோவபிள். கோட்டைச் சுவரோரம் அந்த இரவில் காவல் நின்ற ஒரு சிப்பாயின் மனதில் என்ன ஓடியது என்பது நோவபிள் அல்ல. ஆனால் அவன் செய்தது அண்டர்ஸ்டாண்டபிள்.

ஃபேதமபிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபேதம் என்பது ஆறடி, இரண்டு கையையும் விரித்த நீளம். கடலில் ஆழம் பார்க்கும் அளவு. ‘ஆழம் காண முடியாதது’ என்று எதிர்மறையில்தான் பெரும்பாலும் வருகிறது. ஆராய்ந்து அறியக்கூடியது என்று பொருள்படும் ஸ்க்ரூட்டபிளும் அப்படித்தான். முன்னால் ‘இன்’ சேர்க்காமல் அதைப் பார்ப்பதே அரிது. மனுவில் இந்த இரண்டுக்கும் வேலை இல்லை.

தம்பி அந்த வரியை அடித்துவிட்டு, ‘மாஜிஸ்திரேட் உத்தரவின்றிப் போலீஸ் விசாரிக்க இயலாத குற்றம்’ என்று எழுதினான். நீளம்தான். புகார் கொடுத்த அம்மா கோர்ட்டு வாசலில் நின்றபடி அதைப் படித்துவிட்டு, “அப்போ ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம், நேரா கோர்ட்டுக்குத்தான் போகணுமா?” என்று கேட்டார்.