கோடோகான் மியூசியம், அப்புறம் ஒரு கப்பல்

டோக்கியோவில் காஸுகா ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஜூடோவின் தலைமையகமான கோடோகான். வாசலிலேயே ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவின் சிலை நிற்கிறது, தவறவிட முடியாது. மியூசியம் இரண்டாவது மாடியில், காசு கிடையாது. ஆனால் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள், நிதானமாகச் சுற்றினாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கானோவைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால்தான் அந்தப் பழைய படங்களும் கையெழுத்துகளும் பேசும்.

ஒல்லியான உடம்பு, பள்ளிக்கூடத்தில் முரட்டுப் பையன்களிடம் மாட்டிக்கொண்டு முழித்தவர், அதனாலேயே ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பழகப் போனவர். 1882-ல், 22 வயதுகூட நிறையாதபோது, எய்ஷோஜி என்ற புத்த கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் 9 மாணவர்களோடு கோடோகானை ஆரம்பித்தார். ஜுஜுட்சுவில் ஆளைக் காயப்படுத்தும் பிடிகளை ஒதுக்கி வைத்ததால்தான் முழு பலத்தோடு மோதிப் பழக முடிந்தது; என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். தேர்ந்தவர்களைப் படிப்படியாகத் தரம் பிரிக்கும் டான் தரவரிசையும் அவர் கொண்டுவந்ததே. நம் ஊர் கராத்தே வகுப்புப் பையன்கள் பெருமையாகக் கட்டிக்கொள்ளும் கருப்பு பெல்ட்கூட இங்கிருந்து போனதுதான்.

சரி, மியூசியத்தோடு திரும்பிவிடாதீர்கள். எட்டாவது மாடியில் பார்வையாளர் இருக்கைகள் இருக்கின்றன, அங்கிருந்து குனிந்தால் ஏழாவது மாடியில் 420 பாய் விரித்த கூடம். நான் போன மாலையில் நரைத்த தலைக்காரர் ஒருவர் ஒரு வாலிபனிடம் திரும்பத் திரும்ப விழுந்து எழுந்துகொண்டிருந்தார், விழும்போதெல்லாம் பாயில் கை அறையும் சத்தம் மேலே வரை கேட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் விட அதுதான் எனக்கு மனதில் நிற்கிறது.

மறுநாள் யோகோஹாமா. யாமாஷிதா பூங்கா ஓரம் கட்டிப் போட்டிருக்கும் ஹிகாவா மாரு என்ற 1930-ம் வருடத்துக் கப்பலுக்குள் சில நூறு யென் டிக்கெட்டில் போய்வரலாம். பக்கத்தில் நின்றவர்கள் 1932-ல் சாப்ளின் இதில் பயணம் செய்ததைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனது கானோவுக்காக. 1909-லேயே ஒலிம்பிக் கமிட்டியில் உட்கார்ந்த முதல் ஆசியர் அவர். 77 வயதில் கெய்ரோ வரை போய், 1940 ஒலிம்பிக் டோக்கியோவுக்குத்தான் என்று உறுதி செய்துகொண்டு இந்தக் கப்பலில் திரும்பும்போது, 1938 மே 4 அன்று, கரை சேர இரண்டு நாள் இருக்கையில் நிமோனியாவில் போய்விட்டார். அந்த ஜூலையிலேயே ஜப்பான் போட்டியை வேண்டாம் என்று கைவிட்டுவிட்டது. ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைந்தது 1964-ல், அதே டோக்கியோவில். மேல்தளத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஒரே நாளில் முடிக்க நினைத்தால் காலையில் கப்பல், பிற்பகலில் மியூசியம், அப்படியே மாலைப் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், கப்பலுக்கு விடுமுறை.