ஸ்டைபண்டில் பிடித்த வரியைத் திரும்ப வாங்க அரசுத் தளமே போதும்

இன்டர்ன்ஷிப் போகிறவர்களும் படிப்பு முடித்து முதல் வேலையில் சேர்ந்தவர்களும் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டிய அரசு சேவை ஒன்று உண்டென்றால், அது வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளம்தான். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரியை, பிடித்துக் கட்டுவது என் அன்றாட வேலை. பிடித்ததைத் திரும்ப வாங்கும் பக்கத்தை 2025-ல் சித்தி பையனுக்காக முழுசாகச் செய்து பார்த்தேன். எனக்கு முழுத் திருப்தி.

அவன் கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் 2024-25 நிதியாண்டு முழுக்க இன்டர்னாக இருந்தான். ஸ்டைபண்ட் 18,000 ரூபாய், கைக்கு வந்தது 16,200. "அக்கா, மாசாமாசம் ஆயிரத்தி எண்ணூறு புடிச்சுக்கறாங்க, கேட்டா டேக்ஸ்ங்கறாங்க" என்றான். சம்பளமாகக் காட்டாமல் தொழில்முறைக் கட்டணம் என்று அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் எழுதினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். அவனுடைய வருட வருமானமே 2,16,000 ரூபாய்தான். அந்த ஆண்டுக்குப் புதிய வரி முறையில் 3 லட்சம் வரை வரியே கிடையாது. ஆக, பிடித்த 21,600 ரூபாயும் அவனுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். ஆனால் தானாக வராது, ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போட்டால்தான் வரும். இது தெரியாமலே எத்தனையோ பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

தளத்தில் பான் எண்ணையும் மொபைலுக்கும் மெயிலுக்கும் வரும் ஓடிபிகளையும் வைத்துக் கணக்குத் தொடங்கிவிடலாம். உள்ளே போனதும் முதலில் திறக்க வேண்டியது 26ஏஎஸ், நம் பெயரில் பிடித்த வரியின் பட்டியல். பணம் கொடுத்த நிறுவனத்தின் பெயர், வரி பிடிப்பவர்களுக்கான டேன் எண், எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார்கள், அதில் எவ்வளவு வரியாகக் கட்டினார்கள் என்று வரிசையாக இருக்கும். மே மாதம் பார்த்தபோது ஜனவரி முதல் மார்ச் வரையிலான பதிவுகள் மட்டும் காணோம். பையன் பதறிவிட்டான். நாலாம் காலாண்டு டிடிஎஸ் கணக்கைத் தாக்கல் செய்ய நிறுவனங்களுக்கு மே 31 வரை அவகாசம் உண்டு, அதற்குப் பிறகுதான் நம் பக்கத்தில் ஏறும். ஜூன் பாதியில் பார்த்தபோது எல்லாமே வந்திருந்தது. இன்னொன்று, சேரும்போதே பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும், அதுவும் 26ஏஎஸ்ஸில் உங்கள் பெயரில் ஏறாது.

எந்தப் படிவம் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். சம்பளத்தில் பிடித்திருந்தால் ஐடிஆர்-1, சுலபம். 194ஜேயில் பிடித்தவனுக்கு 44ஏடிஏ பிரிவின்படி வரவில் பாதியை வருமானமாகக் காட்டி ஐடிஆர்-4 போட்டோம். இந்த இடத்தில் மட்டும் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. மற்றபடி பெயர், முகவரி, டிடிஎஸ் தொகை எல்லாம் முன்கூட்டியே நிரப்பப்பட்டு வருகிறது, சரிபார்த்தால் போதும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உண்மையான முட்டுக்கட்டை வங்கிக் கணக்குதான். ரீஃபண்ட் வர வேண்டிய கணக்கைத் தளத்தில் முன்சரிபார்ப்பு செய்ய வேண்டும், அதில் இருக்கும் பெயர் பானோடு ஒத்துப்போக வேண்டும். நமக்கு இனிஷியல் வழக்கம். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும், பள்ளிக்கூடக் காலத்தில் தொடங்கிய பாஸ்புக்கில் ஒற்றை எழுத்துதான் இருக்கும். இவனுக்கும் அதேதான் ஆனது, பெயர் பொருந்தவில்லை என்று வந்துவிட்டது. வங்கிக் கிளைக்குப் போய் பான் நகலைக் கொடுத்துப் பெயரைத் திருத்திய பிறகுதான் நகர்ந்தது. ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே இதை முடித்துக்கொள்ளுங்கள். பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சமர்ப்பித்ததோடு வேலை முடிந்துவிடாது. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போட்டு இ-வெரிஃபை செய்தாக வேண்டும், விட்டால் போட்ட ரிட்டர்ன் கணக்கிலேயே வராது. ஆகஸ்ட்டில் ரிட்டர்ன்களைச் சரிபார்க்கும் பெங்களூரு மையத்திலிருந்து, கணக்கைச் சரிபார்த்த விவரம் சொல்லும் 143(1) அறிவிப்பு மெயிலில் வந்தது. கணக்கில் ஏறிய தொகை 22,140 ரூபாய். கூடுதலாக வந்த 540 ரூபாய் வட்டி: கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீதம் கணக்கிட்டுத் தருகிறார்கள். (அந்த வட்டியை அடுத்த வருட வருமானத்தில் சேர்த்துக் காட்ட வேண்டும்.) இத்தனைக்கும் கட்டணம் ஒரு பைசா கிடையாது.

வாட்ஸ்அப்பில் "ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம், வந்ததில் சதவீதம் கொடுத்தால் போதும்" என்று வருபவர்களிடம் மட்டும் போகாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பாஸ்வேர்டைக் கேட்பார்கள். தொகை பெரிதானால் அவர்கள் பங்கும் பெரிதாகும் என்பதால், இல்லாத வீட்டு வாடகை, கொடுக்காத நன்கொடை எல்லாம் எழுதிவிடுவார்கள். 2025 ஜூலையில் இப்படிப்பட்ட போலிக் கழிவுகளுக்காக நாடு முழுக்க சுமார் 150 இடங்களில் துறை சோதனை நடத்தியது, தமிழ்நாடும் அதில் உண்டு. பொய்த் தகவலுக்கு, ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். அந்த நோட்டீஸ் ஏஜென்ட் பெயருக்கு வராது, பிள்ளையின் பான் எண்ணுக்குத்தான் வரும்.

2024-25க்கான கெடு 2025 செப்டம்பர் 16-ல் முடிந்துவிட்டது. தவறவிட்டவர்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போட வழி இருந்தது. வருமானம் விலக்கு வரம்புக்குள் இருந்தால் தாமதக் கட்டணமும் இல்லை, வட்டி மட்டும் ரிட்டர்ன் போட்ட தேதியிலிருந்துதான் கணக்காகும். அதையும் விட்டால் ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கக் கோரி அதே தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஐந்து ஆண்டு வரைதான் அதை ஏற்பார்கள். கல்லூரிக் காலத்தில் பிடித்த பணம் பழைய 26ஏஎஸ்ஸில் யாருக்காவது கிடந்தால், காரணத்தைத் தெளிவாக எழுதி அந்த விண்ணப்பத்தைப் போட்டுப் பாருங்கள்.