வீட்டுக் காசுக்கு மார்க் போட்டுப் பார்த்த மூன்று வருஷம்

முதலில் ஒரு ஆப் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் படித்து, மாசம் பிறந்தால் 'உங்கள் நிதி ஆரோக்கியம்' என்று நூற்றுக்கு ஒரு மார்க் போடும். நான் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்த மாசம், அக்கவுண்டில் 80,000 ரூபாய் விழுந்ததும் திரையில் பட்டாசு வெடித்தது. வருமானம் கூடியிருக்கிறதாம், மார்க் 91. இன்னும் பன்னிரண்டு மாசம் கட்டியாக வேண்டிய கடன் அது என்று அதற்கு யார் சொல்வது? அடுத்த வாரமே பர்சனல் லோன் வேணுமா என்று போன் மேல் போன். ஆப்பை அழித்தேன்.

சிபில் ஸ்கோர் இருக்கிறதே என்றார் ஆபீஸ் நண்பர். இருக்கிறது. 300-லிருந்து 900 வரை. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2017-லிருந்து வருஷம் ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகவே எடுக்கலாம், நானும் எடுக்கிறேன். ஆனால் அது கடன் கொடுக்கிறவருக்கான மார்க். நான் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவேனா என்று சொல்லும். மாசக் கடைசியில் எங்கள் வீட்டில் யாருக்குத் தூக்கம் வரவில்லை என்று சொல்லாது.

தேடிப் பார்த்ததில் கிடைத்தது, அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2015-ல் வெளியிட்ட, ஒருவரின் நிதி நலனை அளக்கும் ஓர் அளவுகோல். அந்த அமைப்பை சி.எஃப்.பி.பி. என்பார்கள். மொத்தமே பத்துக் கேள்வி. சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஒரு எண்கூடக் கேட்காது. திடீர்ச் செலவு வந்தால் தாங்குவீர்களா, மாசக் கடைசியில் மீதி இருக்கிறதா, பணம்தான் உங்களை ஆட்டி வைக்கிறதா என்கிற மாதிரிதான் போகும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில், பூஜ்யத்திலிருந்து நாலு மார்க் வரை. கூட்டினால் நாற்பதுக்குள் ஒரு எண் வரும். அதை அவர்கள் தந்திருக்கும் அட்டவணையில் பார்த்து நூறு மார்க் கணக்குக்கு மாற்ற வேண்டும். 62 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தனிப் பத்தி. ஒருவர் வாசித்துக் காட்ட இன்னொருவர் பதில் சொன்னால் அதற்கும் தனிப் பத்தி. இந்தக் கடைசி விஷயத்தில்தான் நான் மயங்கினேன். அடுத்தவர் கேட்டால் நாம் வேறு மாதிரி பதில் சொல்லுவோம் என்று யோசித்து வைத்திருக்கிறார்களே.

கூகுள் ஃபார்மில் பத்தையும் தமிழில் ஏற்றினேன். பின்னால் ஒரு ஷீட், அதில் அட்டவணை, மார்க் தானாக விழும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவனுக்கு ஷீட் பெரிய விஷயமில்லை. தமிழ்தான் திணறடித்தது.

"நான் என் நிதி எதிர்காலத்தைப் பாதுகாத்து வருகிறேன்" என்று எழுதியிருந்தேன். வீட்டுக்காரி படித்துவிட்டு, "பேங்க்லேர்ந்து நோட்டீஸ் வந்த மாதிரி இருக்குங்க" என்றாள். "வயசான காலத்துக்குன்னு இப்பவே கொஞ்சம் எடுத்து வைக்கிறேன்" என்று மாற்றினேன். திடீர்ச் செலவுக் கேள்விக்கு முதல் தடவை எல்லோருமே 'முழுக்கச் சரி' போட்டிருந்தார்கள். எனக்குச் சந்தேகம். 'நகையைத் தொடாம' என்று இரண்டே வார்த்தை நடுவில் சேர்த்தேன். மச்சான் இரண்டு படி இறங்கினார், நான் மூன்று. எங்கள் வீடுகளில் எமர்ஜென்சி ஃபண்ட் பீரோவில்தான் இருக்கிறது. பீரோவைத் திறப்பதை யாரும் நெருக்கடி என்று எண்ணுவதே இல்லை.

இப்படிச் சொல்லை மாற்றினால் அளவுகோலின் துல்லியம் போய்விடும், தெரியும். அமெரிக்க சராசரி 54 என்று அவர்கள் 2017-ல் வெளியிட்டார்கள். அதோடு இனி எங்கள் மார்க்கை ஒப்பிட முடியாது. போகட்டும். எனக்கு ஓஹையோக்காரரை முந்த வேண்டியதில்லை.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். முதல் சுற்றில் எனக்கு 58. வீட்டுக்காரிக்கு 45. ஒரே வீடு, ஒரே சம்பளம், ஒரே சமையல்கட்டு. அவள் ஏதோ பட்டனைத் தப்பாக அழுத்திவிட்டாள் என்றே நினைத்தேன். 'சரி' என்றால் மார்க் குறைகிற மாதிரி தலைகீழாகக் கேட்கும் கேள்விகளில் அப்படி நடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 'மாசக் கடைசியில் கையில் மீதி இருக்கிறது' என்பதற்கு நான் 'அடிக்கடி', அவள் 'எப்பவாவது'.

"அக்கவுண்ட்ல முப்பதாம் தேதி ஏழாயிரம் இருந்துச்சே?"

"உங்க அக்கவுண்ட்ல இருந்துச்சு."

பால்காரருக்கும் சிலிண்டருக்கும் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் எதிர்வீட்டு அக்காவிடம் கைமாத்து வாங்கியிருக்கிறாள். ஒன்றாம் தேதி நான் கொடுப்பதில் முதல் வேலையாக அதை அடைத்துவிடுவாள். எத்தனை மாசமாக என்றதற்குப் பதில் இல்லை, மிக்ஸியைப் போட்டாள். என் அக்கவுண்டில் மிச்சமாகக் கிடந்த ஏழாயிரம், அவள் என்னிடம் கேட்கக் கூச்சப்பட்ட ஏழாயிரம்.

எந்த ஆப்பும் இதைக் கண்டுபிடித்திருக்காது. எல்லாம் ஒரு போன், ஒரு லாகின், ஒரு குடும்பத் தலைவர் என்ற கணக்கில் கட்டியவை. நான் அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு லிங்க் என்று பிரித்துவிட்டேன். இருவரும் முடித்த பிறகுதான் இருவர் மார்க்கும் திறக்கும். 50-க்குக் கீழே சிவப்பு வைத்திருந்ததையும் எடுத்தேன். சிவப்பைப் பார்த்துவிட்டு அடுத்த சுற்றில் அவள் எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாகப் போட்டுவிட்டாள்.

அப்பா கதை வேறு. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு. போனில் நான் வாசிப்பேன், அவர் சொல்லுவார். 'கல்யாணம், விசேஷத்துக்குச் செய்முறை செய்தால் அந்த மாசம் நெருக்கடியாகிறது' என்ற கேள்விக்கு வந்ததும் சிரித்தார். "ஆவணியில கேட்டா எப்பவும்பேன். மார்கழியில கேட்டா எப்பவாவதும்பேன். நீ எந்த மாசத்துக்குக் கேக்குற தம்பி?" நியாயம்தானே. அதனால் மார்கழி, பங்குனி, ஆனி, ஆவணி என்று நாலு மாசத்தை நிலையாக வைத்து, போன மார்கழியை இந்த மார்கழியோடு மட்டும்தான் ஒப்பிடுகிறேன்.

2023 ஆடியில் அவர் மொய் விருந்து வைத்தார். ஏழு லட்சத்துச் சொச்சம் விழுந்தது. எங்கள் ஊர் மொய் நோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பழைய நடை என்பது அப்பா முன்பு வைத்தது திரும்பி வருவது, புது நடை என்பது இனி அவர் வைத்தாக வேண்டியது. வரவேண்டியதும் தரவேண்டியதும் ஒரே நோட்டில், ஊர் முழுக்கச் சாட்சியோடு. ஆப் என்றால் பட்டாசு வெடித்திருக்கும். நான் நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, புது நடையை மட்டும் கடன் பத்தியில் ஏற்றினேன். நாலு ராத்திரி ஆனது.

'இருக்கிற பணம் கடைசி வரை வராதோ என்று கவலை' என்ற கேள்வியில் அவர் மூன்று வருஷமாக 'முழுக்கச் சரி'தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததில் தோப்பில் பாதி சாய்ந்தது. அடுத்த வருஷம் வைத்த கன்று போன வருஷம்தான் பாளை விட்டது. இந்தப் பங்குனியில் ஒரு படி இறங்கி, 'ஓரளவு' என்றார். அவர் மார்க் ஏறியதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நடுவில், பல பேங்கில் இருக்கும் கணக்குத் தகவலை ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியாகக் கணக்குகளை இணைத்தும் பார்த்தேன். ரிசர்வ் வங்கி 2016-ல் விதி போட்டு, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு. எந்தத் தகவல், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டுத்தான் எடுக்கிறது. வேண்டாமென்றால் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். எஸ்.எம்.எஸ். படிக்கும் ஆப்களுக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் பேங்குக்கு வெளியே இருக்கும் சீட்டும் மொய்யும் கைமாத்தும் அதில் வராது. எனக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான் இருந்தது. விட்டுவிட்டேன்.

என் கருவியிலும் குறை உண்டு. ஒருமுறை நடுவில் ஒரு கேள்வியைச் செருகப் போய், ஃபார்முலா ஒரு பத்தி தள்ளிப்போனது. நேர்க் கேள்வியைத் தலைகீழாகவும் தலைகீழ்க் கேள்வியை நேராகவும் கூட்டியிருக்கிறது. இரண்டு சுற்று மார்க் முழுக்கத் தப்பு. மச்சான் மார்க் திடீரென்று உயர்ந்ததை நாங்கள் கொண்டாடிக்கொண்டிருந்தோம். இப்போது கேள்விப் பத்திகளைப் பூட்டி வைத்திருக்கிறேன். நினைவூட்டலும் கிடையாது, வீட்டுக்காரிதான் "மாசம் பொறந்தாச்சு, கேள்வி வரலையே" என்பாள்.

போன ஆவணிச் சுற்றில் எனக்கு 54, அவளுக்கு 52. எதிர்வீட்டுக் கைமாத்து நின்று இரண்டு வருஷமாகிறது. அப்போது அவளே பதினோராவதாக ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னாள்: 'வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஐந்நூறு ரூபாய் என்னால் செலவு செய்ய முடியும்.' அமெரிக்க அட்டவணையில் அதற்கு மார்க் இல்லை, அதனால் தனி வரிசையில் வைத்திருக்கிறேன். நான் 'எப்பவும்' போட்டேன். அவள் 'சில சமயம்'.