எண்ணிக்கை சொல்லாததைச் சொல்லும் விந்தணுப் பிணைப்புச் சோதனை

எனது வழக்கமான விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை, நகர்திறன் இரண்டுமே, உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின் கீழ்வரம்புகளான மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, 42 சதவீதம் ஆகியவற்றைத் தாண்டியே இருந்தன. அப்படியிருந்தும் நான்கு ஆண்டுகளாகக் கரு தங்காததால், மருத்துவர் ஹையலுரோனிக் பிணைப்புச் சோதனையை எழுதிக் கொடுத்தார்.

கருமுட்டையைச் சூழ்ந்துள்ள ஹையலுரோனிக் அமிலத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, அதன்மேல் ஒரு துளி விந்தை விடுகிறார்கள். டெக்னீசியன் என்னையும் திரையைப் பார்க்க அனுமதித்தார். சில விந்தணுக்கள் தலை ஒட்டிக்கொண்ட நிலையில் வாலை மட்டும் வேகமாக அடித்துக்கொண்டிருக்க, மற்றவை எதிலும் ஒட்டாமல் நீந்திக் கடந்தன. அசையும் அணுக்களில் நூற்றுக்கு 80 ஒட்டினால் நல்லது என்றார். எனக்கு 58 வந்தது.

ஒட்டாதவை பெரும்பாலும் முழுமையாக முதிராதவை. பிற புரதங்கள் சரியாக மடிய உடனிருந்து உதவும் சாப்பரோன் புரதங்களுள் ஒன்றான எச்எஸ்பிஏ2, முதிர்ந்த விந்தணுக்களில் மிகுந்தும் முதிராதவற்றில் குறைந்தும் இருப்பதை யேல் பல்கலைக்கழகத்தின் கேபர் ஹுசார் குழுவினர் காட்டினர். விந்தணு உருவாகும்போது நிகழும் குன்றல் பகுப்புக்கே, அதாவது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிதலுக்கே, இப்புரதம் தேவை. எலிகளில் இதற்கு இணையான மரபணுவை நீக்கிய 1996ஆம் ஆண்டு ஆய்வில், பெண் எலிகள் வழக்கம்போல் குட்டி ஈன்றன. ஆண் எலிகளோ விந்தணுவே உருவாகாமல் மலடாயின. இச்சோதனை அப்புரதத்தை நேரடியாக அளப்பதில்லை; முதிர்ச்சியின் அடையாளமாக ஒட்டும் திறனைப் பார்க்கிறது. ஆண்டுக்கணக்கில் காரணம் தெரியாமல் தவித்த எனக்கு, அந்த அளவுக்குத் தெரிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆய்வகத்தின் பணி நேர்த்தியானது. மாதிரியை 37 டிகிரியில் வைத்திருந்து, ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தார்கள். ஆனால் அறிக்கையில் எண்ணைத் தவிர ஒரு வரி விளக்கமும் இல்லை. அதைவிட வருத்தம் தந்தது, ஒரு விந்தணுவை நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி சிகிச்சையில் இதே முறையில் ஒட்டும் அணுக்களைப் பொறுக்கிச் செலுத்தக் கூடுதல் கட்டணம் கட்டினால் குழந்தை உறுதி என்பதுபோல் சிகிச்சை மையத்தில் பேசியது. பிரிட்டனில் 2,772 தம்பதியரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நிறைமாதப் பிரசவம் இம்முறையில் 27.4 சதவீதம், வழக்கமான முறையில் 25.2 சதவீதம்; இது புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. கருச்சிதைவு மட்டும் 7 சதவீதத்திலிருந்து 4.3 ஆகக் குறைந்திருந்தது. பணம் கட்டும் முன்பே இதைத் தம்பதியரிடம் சொல்லிவிட வேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் காரணம் புலப்படாதவர்களுக்கு இச்சோதனையைப் பரிந்துரைக்கிறேன். ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்கள் ஆவதால், மூன்று மாதம் கழித்து இதே ஆய்வகத்தில் மறுபடியும் மாதிரி கொடுக்க இருக்கிறேன்.