காட்டியது ஒரு மீன், போட்டது வேறு மீன்: 4,860 ரூபாய் போயிற்று

நேற்று முன்தினம் இரவு நடந்தது. எழுத உட்கார்ந்தால் இப்போதும் கை நடுங்குகிறது, அவ்வளவு ஆத்திரம்.

கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகும் சாலையில், கடல் மீன் சாப்பாட்டுக்கென்றே ஒரு காலத்தில் பெயர் வாங்கிய ஓட்டல். நான் பள்ளியில் படித்தபோது ஞாயிறு இரவுகளில் இடம் கிடைக்காமல் வாசல் வேப்பமரத்தடியில் காத்து நின்றிருக்கிறோம். இப்போது இரவு எட்டு மணிக்கு எங்களைத் தவிர இரண்டே மேசையில்தான் ஆள். அதைப் பார்த்தவுடனே திரும்பியிருக்க வேண்டும். திருப்பூரிலிருந்து அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். 'நம் ஊர் மீனைச் சாப்பிட்டுப் பாருங்கள்' என்று நெஞ்சை நிமிர்த்தி அழைத்துப் போனவன் நான்.

என்னைக் கவிழ்த்தது அங்கே பல வருடமாகப் பரிமாறும் பெரியவர். "அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா, தம்பி?" என்று கேட்டார். அதோடு விலை கேட்கும் எண்ணமே எனக்குப் போய்விட்டது. விலைப்பட்டியலில் மீனுக்கு நேரே 'அன்றைய விலை' என்று மட்டும் இருந்தது. தட்டில் ஒரு விளமீனைக் கொண்டுவந்து செவுளைத் தூக்கிக் காட்டினார். ரத்தச் சிவப்பு. கண் பளபளவென்று இருந்தது. வாலில் மட்டும் வலை அறுத்த மாதிரி ஒரு கிழிசல். "காலையில் கரைக்கு வந்த நாட்டுப்படகு மீன்" என்றார். இது தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. விலை கொஞ்சம் ஏறித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, மசாலா அப்பிய மீன் வந்தது. வால் முழுதாக இருந்தது! அம்மா விரலால் முதுகுப் பக்கம் அழுத்தினாள். சதை ஏடு ஏடாகப் பிரியாமல் மாவாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு இலையோரம் ஒதுக்கினாள். "ஐஸில் பல நாள் கிடந்த மீன்டா" என்றாள், அத்தான் காதில் விழாதபடி. அத்தான் "நன்றாகத்தான் இருக்கிறது" என்று பாதி மீனைத் தின்றார், பாவம். நண்டு மசாலாவில் ஓடுதான் இருந்தது. பரோட்டா காலையில் போட்டதாக இருக்க வேண்டும்.

ரசீது 4,860 ரூபாய். அதில் மீன் மட்டும் 2,940. இரண்டு கிலோ நூறு கிராமாம், கிலோ 1,400. எடை போட்டதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அடியில் சேவைக் கட்டணம் 200 வேறு. கல்லாவில் இருந்தவரிடம் வால் விஷயத்தைச் சொன்னேன். "பொரித்தால் மீன் அப்படித்தான் மாறும் சார்" என்றார், தலையைக்கூடத் தூக்காமல். கிழிந்த வால் எண்ணெயில் போட்டால் ஒட்டிக்கொள்ளுமா? தராசைக் காட்டுங்கள் என்றால், சமையலறைக்குள் வெளியாட்கள் போகக் கூடாதாம். முதலாளி மதுரைக்குப் போயிருக்கிறாராம். சற்று முன்பு வரை தண்ணீர் ஊற்றிய பெரியவரும் வேலை முடிந்து கிளம்பிவிட்டாராம். பிள்ளைகள் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்துவிட்டேன், 4,860 ரூபாயையும்.

நேற்று காலையில் போன் செய்தால் 'மாலையில் பேசுங்கள்'. மாலையில் 'நாளைக்குப் பேசுங்கள்'. இன்று மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. கிலோ என்ன விலை என்று முதலில் கேளுங்கள். பச்சை மீனைக் கண்முன்னே எடை போடச் சொல்லுங்கள், வால் தெரியப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டதாம். எனக்கு நேற்றுதான் தெரிந்தது. நுகர்வோர் உதவி எண் 1915.

அத்தான் ஊர் போய்ச் சேர்ந்ததும் என் கணக்குக்கு 2,500 ரூபாய் அனுப்பியிருக்கிறார், 'பிள்ளைகளுக்கு மீன் பிடித்திருந்தது' என்ற ஒரு வரியோடு. அதை எப்படித் திருப்பி அனுப்புவது என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.