ஆட்டாப்ஸி: எல்லையோரக் கணினிகளுக்கு எந்த அளவு கைகொடுக்கிறது?

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதிக் கடைகளின் கணக்குத் தகராறுகளுக்காகக் கணினிகளை ஆய்வு செய்துவரும் எனக்கு, என்கேஸ் போன்ற கணினித் தடயவியல் மென்பொருள் தொகுப்புகளின் உரிமக் கட்டணம் கட்டுப்படியாகாது. ஆகவே, பிரையன் கேரியர் உருவாக்கிய ‘ஸ்லூத் கிட்’ என்ற டிஸ்க் ஆய்வுக் கருவிகளின் மேல் எழுப்பப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் ஆட்டாப்ஸி மென்பொருளையே நம்பியிருக்கிறேன்.

அண்மையில் ஒரு ரப்பர் வியாபாரியின் 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கை அதில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் வழியாக இணைத்து, ஈ01 என்ற தடயவியல் நகல் வடிவில் நகலெடுத்து ஆட்டாப்ஸியில் ஏற்றினேன். அதிலுள்ள எல்லா ஆய்வு மாட்யூல்களையும் ஒருசேர ஓடவிட்டது என் தவறு. 16 ஜிபி ராம் உள்ள கணினியில் மறுநாள் மதியம்தான் வேலை முடிந்தது. ஆனால், பென் டிரைவ் செருகப்பட்ட நேரமும் எக்செல் கோப்பு அழிக்கப்பட்ட நேரமும் டைம்லைனில் அடுத்தடுத்து நின்றபோது, காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தில், மின்னணுச் சான்றுகளுக்கான 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பை, அதாவது தரவின் கைரேகை போன்ற குறியீட்டைக் குறிப்பிட வேண்டும். நகல் மாறவில்லை என்பதைச் சரிபார்க்கும் மாட்யூல் இதிலேயே இருப்பது பெரிய உதவி.

சிக்கல் சொல் தேடலில்தான். யூனிகோடில் ‘பணம்’ என்று தேடினால், ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் ஒன்றுகூட அகப்படாது. ஏனெனில் அங்கே அந்தச் சொல் ஜி, இஸட், கே என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிவாகியிருக்கும். அதை அப்படியே சொல்லின் பகுதியையும் தேடும் சப்ஸ்ட்ரிங் தேடலில் கொடுத்த பிறகுதான் இரண்டு ஆண்டுப் பற்றுச்சீட்டுகள் வெளிவந்தன. திருவனந்தபுரம் பக்கத்துக் கணக்குகள் எம்.எல்.டி.டி. கார்த்திகா என்ற இதே வகை மலையாள எழுத்துருவில் இருந்தன. அவற்றுக்குப் பழைய டி.டி.பி. கடைக்காரர் ஒருவரிடம் உட்கார்ந்து, மலையாளச் சொற்கள் எந்தெந்த விசைகளில் விழும் என்று எழுதி வாங்க வேண்டியதாயிற்று. இந்தப் பட்டியல்களை ஆட்டாப்ஸியில் ஒருமுறை சேமித்துவிட்டால் அடுத்த வழக்குக்கும் பயன்படுத்தலாம். எல்லையோரத்தில் இதைக் கையாள்பவர்கள், முதல் டிஸ்க்கை ஏற்றும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.