ஆர்.சி. 390 பின் டயர்: 150/60, 140/70, 160/60 மூன்றையும் ட்ராக்கில் ஓட்டிய அனுபவம்

வேலூரில் கே.டி.எம். ஆர்.சி. 390 பைக் வைத்திருப்பவர்கள் பின் டயர் தேய்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி "160 போடலாமா?" என்பதுதான். பின்னாலிருந்து பார்த்தால் பெரிய வண்டி மாதிரித் தெரியும் என்பது ஒரு காரணம். அகலம் கூடினால் பிடிமானம் கூடும் என்ற நம்பிக்கை இன்னொன்று. என்னிடம் இருப்பது முதல் தலைமுறை ஆர்.சி. 390. சில வருடங்களாக சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கிலும், மற்ற நாட்களில் சத்துவாச்சாரிக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்த 150/60, அப்புறம் நான் மாற்றிய 140/70, காட்பாடி நண்பரின் வண்டியில் இருக்கும் 160/60 என்று மூன்று அளவிலும் அதே ட்ராக்கில் ஓட்டியாயிற்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ராக்குக்கு டயர் வாங்கும்போது முதல் எண்ணை விட இரண்டாவது எண்ணைப் பாருங்கள். இந்த வண்டியின் குணத்தை மாற்றுவது டயரின் அகலம் அல்ல, உயரம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். 150/60 என்றால் அகலம் 150 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 90 மில்லிமீட்டர். 140/70 என்றால் 140-இல் 70 சதவீதம், 98 மில்லிமீட்டர். பெயரில் சிறியதாகத் தெரியும் 140தான் 8 மில்லிமீட்டர் கூடுதல் உயரம். 160/60-க்கு 96. ஆக, 140/70 போட்டதும் பின் அச்சு 8 மில்லிமீட்டர் மேலே போகிறது. ஆர்.சி.யின் பின் சஸ்பென்ஷனில் வண்டியின் உயரத்தை மட்டும் தனியாகக் கூட்டும் வசதி கிடையாது. ஸ்பிரிங்கை இறுக்கி உயர்த்தலாம், ஆனால் அது வேறு வேலை. உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு அமிழ்கிறது என்ற கணக்கு அதில் கெட்டுவிடும். டயரை மாற்றினால் அந்தத் தொல்லை இல்லாமல் பின்பக்கம் உயர்கிறது.

பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க் கொஞ்சம் நேராக நிற்கும். இந்த வண்டியின் நீளத்துக்கு 8 மில்லிமீட்டர் என்பது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. எழுதும்போது அற்பமாகத் தெரிகிறது. ட்ராக்கில் ஒரு வளைவிலிருந்து உடனே அடுத்த பக்கம் சாய்க்க வேண்டிய இடத்தில் முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. 150/60-இல் ஹேண்டில்பாரை அழுத்தி, வண்டி கவிழ ஆரம்பிப்பதற்குக் காத்திருக்க வேண்டும். 140/70-இல் அந்தக் காத்திருப்பு இல்லை. பார்வை திரும்பும்போதே வண்டியும் திரும்பிவிடுகிறது. வளைவின் நடுவில் சாய்ந்தே இருக்கும்போது கோட்டை ஒரு அடி உள்ளே இழுக்க நினைத்தால் 150-இல் தோளையும் முட்டியையும் போட்டு இழுக்க வேண்டியிருந்தது. 140-இல் லேசாக அழுத்தினால் போதும். கடைசி செஷனில் கை ஓய்ந்துபோன நேரத்தில் இந்த வித்தியாசத்தின் மதிப்பு தெரியும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நேர்பாதையின் முடிவில் முழு பிரேக் போடும்போது பின்பக்கம் முன்பை விட லேசாக அசைகிறது. மேடு பள்ளம் உள்ள இடத்தில் ஆக்ஸிலரேட்டரைத் திறந்தால் ஹேண்டில்பார் ஒரு தடவை தலையாட்டும். எனக்கு அது பழகிவிட்டது. புதிதாக ட்ராக்குக்கு வருபவர்களுக்கு நான் 150/60-ஐயே சொல்வேன். அந்த அளவில் வண்டி சொன்னதை மெதுவாகக் கேட்கும், ஆனால் பதற்றப்படாது.

இப்போது 160. நண்பரின் வண்டியும் அதே வருடத்து ஆர்.சி.தான், அவரும் என் எடைதான், அதனால் ஒப்பிடுவது சுலபம். இந்த வண்டியின் பின் ரிம் 4 இன்ச் அகலம். டயர் கம்பெனிகளின் அட்டவணையில் 140/70-க்குச் சொல்லும் அளவு ரிம் அதே 4 இன்ச். 150/60-க்கு 4.25, 160/60-க்கு 4.5. அப்படியானால் 160-ஐ 4 இன்ச் ரிம்மில் மாட்டும்போது டயரின் இரண்டு கால்களும், அதாவது ரிம்மில் உட்காரும் விளிம்புகள், உள்ளே இடுக்கப்படுகின்றன. நடுப்பகுதி மேலே பிதுங்கி, வளைவு கூர்மையாகிவிடுகிறது. டயரை வடிவமைத்தவர் நினைத்த வடிவம் அது இல்லை. விளைவை அவர் டயரிலேயே பார்க்கலாம். ஒரு முழு நாள் ட்ராக்கில் ஓட்டிய பிறகும் இரண்டு ஓரத்திலும் விரல் அகலத்துக்கு ரப்பர் புதிதாக, பளபளப்பாகவே இருந்தது. காசு கொடுத்து வாங்கிய கூடுதல் அகலம் தரையைத் தொடவே இல்லை.

வண்டி சாயும்போது தரையைத் தொடும் இடம் டயரின் நடுவிலிருந்து பக்கவாட்டில் நகர்கிறது. டயர் எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் நகரும். அதனால் அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க அகல டயருக்குக் கொஞ்சம் கூடுதல் சாய்வு வேண்டும். டயரின் எடையும் கூடுகிறது, அதுவும் சக்கரத்தின் வெளி விளிம்பில். நண்பரின் வண்டி மோசம் என்று சொல்ல மாட்டேன், வளைவை விட்டு வெளியே வரும்போது உறுதியாகத்தான் நிற்கிறது. ஆனால் சாய்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்த உறுதிக்கு உடம்பால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. 43 குதிரைத்திறன் சொச்சம் உள்ள இஞ்சினுக்கு இவ்வளவு ரப்பர் தேவையே இல்லை.

இதை நம்பாதவர்களுக்கு நான் மோட்டோ ஜி.பி. பந்தயத்தின் சின்ன வகுப்பான மோட்டோ3 வண்டிகளைக் காட்டுவேன். அதுவும் ஒற்றை சிலிண்டர், 250 சி.சி., ஆர்.சி.யை விடக் கூடுதல் சக்தி. 2023 வரை அந்த வகுப்புக்கு டன்லப் கொடுத்த பின் டயர் 115/75. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து குறைந்தபட்சம் 152 கிலோ என்பது அங்கே விதி. ஆர்.சி.யில் வண்டி மட்டுமே அதற்கு மேல் வரும், அதனால் அந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வளைவில் உலகத்திலேயே வேகமான சின்ன வண்டிகள் ஒல்லியான, உயரமான டயரில்தான் ஓடுகின்றன. பெரிய வண்டிகளிலும் போக்கு அதுதான். 600 சி.சி. வண்டிகளில் 180/55-ஐக் கழற்றிவிட்டு 180/60 போடுவது ட்ராக்கில் சாதாரணம், அதில் அச்சு 9 மில்லிமீட்டர் உயரும். 1000 சி.சி. வண்டிகளும் 190/50-இலிருந்து 190/55-க்கு வந்தன. டுகாட்டி பனிகாலே வி4 ஷோரூமிலிருந்தே 200/60 டயரோடுதான் வருகிறது.

சரி, மாட்டும் வேலைக்கு வருவோம். பழைய வட ஆற்காட்டில், அரக்கோணத்திலேயே எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது. ஆனாலும் ட்ராக்குக்கு ஏற்ற மென்மையான ரப்பர் வேண்டுமென்றால் வேலூர்க் கடைகளில் ஸ்டாக் இருக்காது, சென்னைக்கோ பெங்களூருக்கோ சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். 140/70 ரேடியல் மட்டும் எங்கும் கிடைக்கும், ஏனென்றால் யமஹா ஆர்15 வி3-யும் வி4-உம் அதே அளவில்தான் ஓடுகின்றன. அப்படி வாங்கினால் பக்கச் சுவரில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை, எச் என்றால் 210 வரை. ஆர்.சி.க்கு எச் கட்டாயம். அதே சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. தகரக் கூரைக்குக் கீழே நம்மூர் வெயிலில் இரண்டு மூன்று வருடம் கிடந்த டயர், பார்க்கப் புதிதாக இருந்தாலும் ட்ராக்குக்கு வேண்டாம். எனக்கு ஒரு கடையில் அப்படி ஒன்றைப் புதிது என்று நீட்டினார்கள். எண்ணைக் காட்டியதும் உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள்.

ட்ராக்கில் உயரமான டயர் போட்டவுடன் கியர் கணக்கும் மாறும். 140/70-இன் சுற்றளவு 150/60-ஐ விட சுமார் 2.6 சதவீதம் கூடுதல். வண்டி எல்லா கியரிலும் கொஞ்சம் சோம்பலாகிவிடும். மூன்றாவது கியரில் வெளியே வரும் வளைவுகளில் இது நன்றாகவே தெரிந்தது. அதற்குப் பின் ஸ்ப்ராக்கெட்டில் (பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல் சக்கரம்) 45 பல்லுக்குப் பதில் 46 போட்டேன், கிட்டத்தட்ட சரியாகிவிட்டது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய இடம். பழைய செயினையே வைத்துக்கொண்டு ஒரு பல் கூட்டினால் சக்கரம் சுமார் 4 மில்லிமீட்டர் முன்னால் வர வேண்டியிருக்கும். டயரின் ஆரமும் 8 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து டயருக்கும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் 12 மில்லிமீட்டர் காணாமல் போகிறது. போதாததற்கு, வேகத்திலும் சூட்டிலும் டயர் இன்னும் கொஞ்சம் விரியும். எனக்கு மாட்டிக் கொடுத்த பெரியவர் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஆள்காட்டி விரலை அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் தாராளமாகப் போனது, அரைச் சுற்று கழித்து உரசியது. டயரின் கால் ரிம்மில் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி ஏற்றியதும் 'டப்' என்று சத்தம் வந்து உட்கார்ந்தது. "தம்பி, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு சூட்டோட வா. இன்னொரு வாட்டி பார்த்துட்டு அனுப்புறேன்" என்றார். ஓட்டிவிட்டு வந்தேன், மறுபடி விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் காசு வாங்கினார். இடைவெளி போதவில்லை என்றால் செயினில் கண்ணி கூட்டி அச்சைப் பின்னால் தள்ளுங்கள். மட்கார்டையும் மறக்காமல் பாருங்கள், முதலில் உரசுவது அதுதான்.

காற்றைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். எந்த அளவு டயர் போட்டாலும் காற்று தப்பாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. வீட்டிலிருந்து ட்ராக்குக்கு 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வாலாஜா, காவேரிப்பாக்கம், காஞ்சிபுரம் தாண்டி, சுங்குவார்சத்திரம் வழியாகப் போய்ச் சேரும்போதே டயர் சூடாகியிருக்கும். அந்தச் சூட்டில் அளந்து "குளிர்ந்த டயர் அளவு" என்று எழுதிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 30 டிகிரியில் 28 பி.எஸ்.ஐ. வைத்த டயர், உள்ளே இருக்கும் காற்று 70 டிகிரிக்குப் போனால் 33-ஐத் தாண்டும். நைட்ரஜன் அடைத்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. கத்திரி வெயிலில் காலை செஷனுக்கு வைத்த காற்றோடு மதியம் இறங்கினால் டயர் உருண்டையாகி, தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, பின்பக்கம் வழுக்க ஆரம்பிக்கும். நிறைய பேர் அதை டயரின் குறை என்று நினைத்து அகல டயர் தேடுகிறார்கள். நான் செஷன் முடிந்து பிட்டுக்குள் வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கேஜை வைக்கிறேன். சூட்டில் என்ன காட்டுகிறது என்பதுதான் கணக்கு. அந்த டயருக்கு அதன் கம்பெனி சொல்லும் சூட்டு அளவுக்கு அங்கேயே காற்றை விட்டுச் சரி செய்கிறேன். 140/70-இல் பக்கச் சுவர் உயரம் என்பதால் காற்று மிகக் குறைந்தால் வளைவின் நடுவில் வண்டி மெத்தை மேல் நிற்பது போல ஆடும். 150-ஐ விட இதில் காற்றைக் கொஞ்சம் கவனமாகத்தான் இறக்க வேண்டும். வீடு திரும்பும் முன் சாலைக்கான அளவுக்கு மறுபடி ஏற்றுவதையும் மறக்கக் கூடாது. சில பங்க்குகளில் கேஜ் சரியாகவே காட்டாது, சொந்தமாக ஒன்று பையில் இருக்கட்டும்.

தேய்மானத்தில் இரண்டு விஷயம். இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள், கடிகாரச் சுற்றில் ஓட்டுவது. அதனால் டயரின் வலது பக்கம்தான் முதலில் போகும். 140/70-இல் வலது ஓரம் வரை ரப்பர் வேலை செய்வது தெளிவாகத் தெரியும். ஓரத்தில் சின்னச் சின்ன மணிகளாகச் சுருண்டு நிற்கும், விரலால் தேய்த்தால் உதிரும். அப்படி இருந்தால் சூடும் காற்றும் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். இரண்டாவது, நெடுஞ்சாலை. ட்ராக்குக்குப் போய்வரும் தூரமே நடுப்பகுதியைத் தட்டையாக்கிவிடுகிறது. தட்டையான டயர் சாய ஆரம்பிக்கும்போது ஒரு விளிம்பு தட்டும், நாம் காசு கொடுத்து வாங்கிய வடிவமே போய்விடும். முடிந்தவர்கள் தனியாக ஒரு ஜோடி ரிம் வைத்துக்கொள்வது நல்லது, அல்லது வண்டியைச் சின்ன யானையில் ஏற்றிப் போகலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மட்டும்தான் வண்டி என்றால் இந்தச் செலவு எதுவும் வேண்டாம், 150/60 தாராளம்.

இன்னொன்று. பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வாகன இன்சூரன்ஸ் செல்லாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். ட்ராக்கில் விழுந்தால் செலவு நம்முடையது. டயரின் விலையை யோசிக்கும்போது இதையும் சேர்த்து யோசியுங்கள்.

என் வண்டிக்கு அடுத்த டயரும் 140/70தான், ஸ்ப்ராக்கெட் 46-இலேயே இருக்கும். 2022-இல் வந்த புதிய ஆர்.சி. 390 வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதில் பின் சக்கரம் வழுக்கினால் சக்தியைக் குறைக்கும் ட்ராக்ஷன் கன்ட்ரோல் இருக்கிறது. முன் சக்கர வேகத்தையும் பின் சக்கர வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் அது வேலை செய்யும். பின் டயரின் சுற்றளவு 2.6 சதவீதம் கூடினால் பின் சக்கரம் உண்மையை விட மெதுவாகச் சுற்றுவதாக அது எடுத்துக்கொள்ளும், வழுக்குவதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகலாம். அதனால் உயரத்தை மாற்றுவதற்கு முன்பு 150/60 அளவிலேயே நல்ல டயர் ஒன்றைப் போட்டு, காற்றைச் சரி செய்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.